மரத்துப்போன காலுக்கு ஓய்வு மருந்தல்ல

(சர்க்கரை நோயால் கால் நரம்பு பாதிக்கப்பட்ட வணிகர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சை பற்றி ஒரு விளக்கம்)

காலை ஆறரை மணி. தென்காசியில் என் கடைக்கு எதிர்க்கடை மளிகை அண்ணாச்சி அப்போதுதான் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூப்போட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சரக்கு இறக்க வந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, தரையெல்லாம் ரத்தமா கெடக்கு. யாருக்கு அடிபட்டுச்சு?"

"ரத்தமா? எனக்கு ஒண்ணும் படலியேடே."

அரிசி மூட்டை அடுக்கிலிருந்து கல்லா வரைக்கும் சிமெண்டுத் தரையில் திட்டுத் திட்டாக ரத்தக்கறை. அண்ணாச்சி இடது காலைத் தூக்கிப் பார்த்தார். சாக்குத் தைக்கும் கோணி ஊசி சுண்டுவிரலுக்கு அடியில் பாதி இறங்கி நின்றது. அதோடேயே அவர் கடைக்குள் நாலைந்து தடவை நடந்திருக்கிறார். அவருக்கு ஒரு சிறு வலிகூட இல்லை.

"வலியே இல்ல, பெரிசா ஒண்ணும் இருக்காது" என்று ஊசியைப் பிடுங்கிப் போட்டு, மஞ்சள்பொடி வைத்துக் கட்டிக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தார். பத்து நாளில் கால் வீங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டையும், அதிலிருந்து மீண்ட விதத்தையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலும், இது பற்றி விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டவன் என்ற முறையிலும் நம் வணிகப் பெருமக்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நமக்கு வேண்டிய கணக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அந்த ஆய்வு. அதன்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குச் சர்க்கரை. சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வு 2008-ல் வெளியானது. அதில் சர்க்கரை உள்ளவர்களில் நாலில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் நூற்றுக்கு 26 பேருக்கு, நரம்பு பாதிப்பு இருந்தது.

நம் தொழிலையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணி. மணிக்கொரு தரம் சீனி போட்ட டீ. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு பதினொரு மணிக்கு. சாப்பிட்ட கையோடு படுக்கை. சர்க்கரை நோய்க்கு இதைவிட நல்ல வாடிக்கைக்காரர் கிடைக்கமாட்டார்.

வலி ஒரு காவல்காரன்

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்தால் நரம்பும் கெடுகிறது, நரம்புக்கு உணவு கொண்டுபோகும் மெல்லிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து கால் விரல் நுனிவரை போகிறவை. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். நீளமான கம்பிதான் முதலில் பழுதாகும். அதனால்தான் தொல்லை கால் விரலில் ஆரம்பித்து மெல்ல மேலே ஏறுகிறது.

சிலருக்கு எரிச்சல், சிலருக்கு ஊசி குத்துவது போன்ற உணர்வு, சிலருக்குப் பஞ்சு மெத்தைமேல் நடப்பது போல மதமதப்பு. ராத்திரியில் போர்வை பட்டால்கூடச் சிலருக்குத் தாங்காது. வேறு சிலருக்கு ஒன்றுமே தெரியாது. இந்த ஒன்றும் தெரியாத கால்தான் மிகவும் ஆபத்தானது. செருப்பு எங்கே போயிற்று என்று தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு.

இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் அடிபட்டும் சூடுபட்டும் தேய்ந்தும் போகின்றன என்று எடுத்துக் காட்டியவர் அவர். பிறகு அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவரும் அவரோடு இருந்தவர்களும் கற்றதெல்லாம் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்பட்டது. இன்று டாக்டர்கள் பாதத்தில் வைத்து அழுத்திப் பார்க்கிறார்களே, தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை, அதன் 10 கிராம் அளவைக் கணக்கிட்டதும் அந்தக் கார்வில் மருத்துவமனையில்தான். இழை வளையும் அளவுக்கு அழுத்தியும் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் காலின் காவல்காரன் தூங்கிவிட்டான் என்று பொருள்.

'நடக்காதே' என்ற பழைய புத்திமதி

எதிர்க்கடை அண்ணாச்சிக்கு விரல் எடுத்த புண் ஆறியது. எல்லோரும் ஒரே மாதிரி புத்தி சொன்னார்கள்: "இனிமே நடக்காதீங்க, காலுக்கு ரெஸ்ட் குடுங்க." உறவுக்காரர்கள் சொன்னார்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவரும் நடையை அறவே விட்டார். மகன் கடையைப் பார்த்துக்கொண்டான். இவர் நாற்காலியிலும் கட்டிலிலுமாக எட்டு மாதம் இருந்தார்.

அந்த எட்டு மாதத்தில் எடை கூடியது, சர்க்கரை ஏறியது, கெண்டைக்கால் சதை வற்றியது. வீட்டுப்படி தடுக்கியது. ஒரு நாள் விடியற்காலையில் குளியலறையில் முகம் கழுவக் கண்ணை மூடியவர் அப்படியே சரிந்து விழுந்தார்.

ஏன் விழுந்தார்? நாம் நேராக நிற்பதற்கு மூன்று பேர் துணை: கண், உள்காது, பாதத்தின் உணர்ச்சி. பாதம் ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. கண்ணையும் மூடினால் உள்காது மட்டும்தான் மிச்சம். தென்காசிக் கோயில் கோபுர வாசலில் அடிக்கும் காற்று நமக்கெல்லாம் பழக்கம். அந்த வாசலில் ஆள் தள்ளாடினால் காற்றைக் குறை சொல்லலாம். மூடிய குளியலறையில் தள்ளாடினால் கால் நரம்பைத்தான் பார்க்க வேண்டும்.

உணர்ச்சி இல்லாத காலால் நடந்தால் புண் வரும் என்று டாக்டர்களே பல ஆண்டுகள் பயந்தது உண்மை. உட்கார்ந்து செய்யும் பயிற்சி போதும் என்றார்கள். அந்த எண்ணம் இப்போது மாறிவிட்டது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நரம்பு பாதித்த 79 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கால் பயிற்சியும் நடையும் மேற்கொண்டவர்களுக்கு, மேற்கொள்ளாதவர்களைவிடக் கூடுதலாகப் புண் வரவில்லை. 2008-ல் இந்த முடிவு வெளியானது. 2010-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, காலில் திறந்த புண் இல்லாதவர்கள் தகுந்த செருப்போடு மிதமாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டது.

நம் பக்கத்து மாநிலத்திலும் ஆய்வு நடந்திருக்கிறது. கர்நாடகத்தில் மணிப்பாலில் பிசியோதெரபித் துறையினர், சர்க்கரையால் கால் நரம்பு பாதித்தவர்களுக்கு எட்டு வாரம் மிதமான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பின் வேலைத்திறன் பயிற்சி செய்தவர்களுக்கு மேம்பட்டிருந்தது என்று 2014-ல் எழுதினார்கள். இத்தாலியில் நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. அதில் சேர்ந்தபோது யாருக்கும் நரம்பு பாதிப்பு கிடையாது. வாரத்துக்கு 4 மணி நேரம் வேகநடை நடந்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு உணர்ச்சி நரம்பு பாதிப்பு வந்தது. நடக்காதவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு வந்தது. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 17 பேரை வைத்து 2012-ல் வெளியான சிறிய ஆய்வில், 10 வாரப் பயிற்சிக்குப் பிறகு வலி குறைந்ததோடு தோலுக்குள் இருக்கும் மெல்லிய நரம்பு நுனிகள் புதிதாகக் கிளைவிட்டிருந்தன.

இவையெல்லாம் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். செத்த நரம்பு முழுவதும் உயிர்த்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி எண்ணெயோ மூலிகையோ விற்க வருகிறவரை நம்பாதீர்கள். பயிற்சியால் கிடைப்பது இதுதான்: மிச்சமிருக்கும் நரம்பு காக்கப்படும், சர்க்கரை குறையும், சதை பலப்படும், மூட்டு இளகும், விழுவது குறையும். முதலுக்கே மோசம் வந்த வியாபாரத்தில் மிச்ச முதலைக் காப்பாற்றுவது லாபம் அல்லவா?

ஆரம்பிக்கும் முன்

கடை திறக்குமுன் தராசைச் சரிபார்ப்பது போல, பயிற்சிக்கு முன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

முதலில் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். இழைப் பரிசோதனையும், அதிரும் முள்கரண்டி போன்ற டியூனிங் ஃபோர்க் பரிசோதனையும் இரண்டு நிமிட வேலை. காலில் ரத்த ஓட்டமும் பார்க்க வேண்டும். மதமதப்பெல்லாம் சர்க்கரையால்தான் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் கால் மரத்துப்போகும். கேட்டபோதெல்லாம் 'நரம்பு ஊசி' போட்டுக்கொள்வதைவிட ஒரு முறை ரத்தத்தில் பி12 அளவு பார்ப்பது மேல்.

இரண்டாவது, இதயம். சர்க்கரை நரம்பைக் கெடுக்கும்போது இதயத்தின் நரம்பையும் விடுவதில்லை. மாரடைப்பே வலியில்லாமல் வரலாம். எழுந்து நின்றால் கிறுகிறுப்பு, சிறு வேலைக்கே மூச்சு வாங்குவது இருந்தால், டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பயிற்சி.

மூன்றாவது, கண். விழித்திரையில் ரத்தக்கசிவு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கக் கூடாது. மூட்டை தூக்கும் நம் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, சர்க்கரை இறங்குவது. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் பயிற்சிக்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். நடக்கும்போது சட்டைப்பையில் கொஞ்சம் சீனியோ குளுக்கோஸோ இருக்கட்டும். சீனி வியாபாரி சீனி இல்லாமல் மயங்கி விழுந்தார் என்ற பேர் வேண்டாம்.

கடைக்குள்ளேயே செய்யக்கூடியவை

அண்ணாச்சிக்கு வழி காட்டியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். அவர் சொல்லிக் கொடுத்ததில் எந்த யந்திரமும் கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு துண்டு, பிடித்துக்கொள்ளக் கடை மேஜை, இவ்வளவுதான். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வியாபாரம் ஓய்ந்திருக்கும் நேரம் இதற்குத் தோதானது.

1. நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தை மேலே இழுத்துக் கீழே அழுத்துங்கள். ஒவ்வொரு காலுக்கும் 20 தடவை. பிறகு கணுக்காலை வலம் இடமாகச் சுற்றுங்கள். இறுகிப்போன கணுக்கால்தான் முன்பாதத்தில் பாரம் ஏற்றிப் புண் வரவைக்கிறது.

2. தரையில் துண்டை விரித்து, கால் விரல்களால் சுருட்டிச் சுருட்டி உங்கள் பக்கம் இழுங்கள். 10 தடவை. பிறகு விரல்களை விசிறி போல விரித்து மூடுங்கள். பாதத்துக்குள் இருக்கும் சிறு தசைகளுக்கு இது நல்ல வேலை.

3. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். 5 தடவையில் ஆரம்பித்து 10, 15 என்று கூட்டலாம். தொடைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

4. மேஜையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நின்று மெல்ல இறங்குங்கள். 10 தடவை.

5. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். 30 வினாடி, காலுக்கு மூன்று தடவை.

6. ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியை ஒட்டி வைத்து, கோடு போட்டாற்போல் நில்லுங்கள். 10 வினாடி. பழகிய பிறகு ஒற்றைக் காலில் நிற்கலாம். கை மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தால் நல்லது. கண்ணை மூடிச் செய்ய வேண்டாம்.

மொத்தம் 20 நிமிடம் ஆகும். வாரத்தில் மூன்று நாள் செய்தாலே வித்தியாசம் தெரியும். அண்ணாச்சிக்கு ஐந்தாவது வாரத்தில் படி தடுக்குவது நின்றது.

யோகாசனம் தெரிந்தவர்களுக்கும் ஒரு செய்தி. டெல்லியில் 20 சர்க்கரை நோயாளிகளுக்கு 40 நாட்கள் ஆசனப் பயிற்சி கொடுத்த ஆய்வு 2002-ல் வெளியானது. அவர்கள் கை நரம்பில் செய்தி போகும் வேகம் சற்றுக் கூடியிருந்தது. நடையோடு சேர்த்துச் செய்யலாம், ஆனால் நடைக்குப் பதிலாகக் கொள்ள வேண்டாம்.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான நடை என்பது பொதுக் கணக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகம். இரண்டு நாளுக்குமேல் தொடர்ந்து விடுபடக் கூடாது. ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையையும் அது மட்டுப்படுத்தும்.

2023 நவம்பர் 4-ல் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் மரத்த காலோடு முதல் நாளே 8 கிலோமீட்டர் போகக் கூடாது. கோயில் ரத வீதியில் ஒரு சுற்று போதும். வீட்டுக்கு வந்ததும் செருப்பையும் உறையையும் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ இல்லையென்றால் வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டலாம். குனிந்து பார்க்க முடியாதவர்கள் தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதில் பாருங்கள். பார்வை மங்கியவர்கள் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணாச்சி வீட்டில் மதினிதான் தினமும் ராத்திரி விளக்கடியில் பார்க்கிறார்கள்.

"நாள் முழுக்க நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்"

இதைச் சொல்லாத கடைக்காரர் இல்லை. நிற்பது வேறு, நடப்பது வேறு. ஒரே இடத்தில் பல மணி நேரம் நின்றால் பாதத்தின் அதே இடத்தில் பாரம் விழுந்துகொண்டிருக்கும், கால் வீங்கும். சர்க்கரை எரியும் அளவுக்குத் தசைக்கு வேலையும் இருக்காது. மூட்டை தூக்குவதும் அப்படித்தான். முக்கி முனகி இரண்டு நிமிடம் தூக்கிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அது பயிற்சி ஆகாது.

இன்னொரு சங்கடம் செருப்பு. கல்லாவும் சாமி படமும் இருக்கிற இடத்தில் செருப்புப் போடுவதா என்று வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பது நம் வழக்கம். ஆனால் கோணி ஊசி, தகரத் துண்டு, ஆணி, பெட்டி அடித்த கம்பி எல்லாம் கிடப்பது கடைத் தரையில்தானே? அண்ணாச்சி ஒரு வழி கண்டார். தெருவில் படாத ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பைக் கடைக்குள் போட மட்டும் வைத்துக்கொண்டார். பின்னால் வார் உள்ளது, காலிலிருந்து நழுவாது. சாமிக்கு விளக்கேற்றும்போது கழற்றிவிட்டு, முடிந்ததும் மாட்டிக்கொள்கிறார். லட்சுமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது.

குற்றாலமும் நம் கால்களும்

ஆனி, ஆடி வந்தால் நமக்குச் சீசன். குற்றாலத்தில் கடை போட்டிருப்பவர்களுக்கும், தென்காசியிலிருந்து அவர்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் தூங்கவே நேரம் இருக்காது. நடையும் பயிற்சியும் நிற்பது இந்த இரண்டு மூன்று மாதத்தில்தான். சீசன் முடிந்து ரத்தம் பார்த்தால் சர்க்கரை எங்கேயோ நிற்கும். ஆகவே சீசன் நாட்களில் நடையைப் பத்து நிமிடத் துண்டுகளாக்குங்கள், விட்டுவிடாதீர்கள். மழை பெய்தால் கிட்டங்கிக்குள் நடக்கலாம்.

சாரலில் நாள் முழுக்க ஈரச் செருப்போடு நின்றால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். மற்றவர்களுக்கு அது வெறும் அரிப்பு. மரத்த காலுக்கு அதுதான் கிருமி நுழையும் வாசல். மாற்றுச் செருப்பு ஒன்று கடையில் இருக்கட்டும். விரலிடுக்கைத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள்.

அருவியில் குளித்தால் நரம்பு திரும்பும் என்று சிலர் நம்புகிறார்கள். குளியல் உடம்புக்கும் மனசுக்கும் இதம், சந்தேகமில்லை. ஆனால் அருவித் தண்ணீர் நரம்புக்கு மருந்து இல்லை. எண்ணெய் தேய்த்த உடம்போடு பாசி படிந்த பாறையில், உணர்ச்சியில்லாத காலை வைத்துப் போவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். மசாஜ் செய்துகொண்டால் பாத எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட ஒருவரை வைத்துக்கொண்டு போங்கள். வந்ததும் பாதத்தைப் பாருங்கள். பாறை கிழித்தது தெரிந்திருக்காது.

கார்த்திகை, மார்கழியில் மாலை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறுங்கால் விரதம் உணர்ச்சியில்லாத காலுக்கு உகந்ததல்ல. குருசாமியிடம் நிலைமையைச் சொல்லி, டாக்டரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். பங்குனி, சித்திரையில் உச்சிவேளையில் கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றுவதும் அப்படியே. கால் வெந்தாலும் தெரியாது. காலையிலோ மாலையிலோ போங்கள். ஒத்தடம், கொதிநீரில் கால் வைப்பது, கால் ஆணியை பிளேடால் சீவுவது, கார்ன் கேப் ஒட்டுவது எதுவும் வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

காலில் புண் இருந்தால் அந்தக் காலை ஊன்றி எந்தப் பயிற்சியும் கூடாது. டாக்டர் சம்மதித்தால் உட்கார்ந்தபடி கைக்கும் இடுப்புக்கும் செய்யலாம். ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் நடப்பதை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். பாத எலும்புகள் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் நிலை அது. நெஞ்சு இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல் இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

எங்கே கேட்பது?

தென்காசி 2019-ல் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. மேல் சிகிச்சைக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடி வந்து தரும் இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும் உண்டு. சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காப்பதற்கென்றே 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தையும் தமிழக அரசு கொண்டு வந்திருக்கிறது. வசதி இல்லை என்று சொல்ல நமக்கு இடமில்லை. கடையை விட்டு அரைநாள் போக மனசு வரவில்லை என்பதுதான் உண்மை.

ஆண்டுதோறும் மே 5-ல் வணிகர் தினத்துக்குக் கடையை அடைக்கிறோம். கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவர் காலிலும் அந்த நைலான் இழையை வைத்துப் பார்க்க ஒரு மேஜை போட்டால் என்ன? நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். அன்று ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து இந்த ஆறு பயிற்சிகளையும் செய்து காட்டச் சொன்னால் என்ன? ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் யோசிக்க வேண்டும்.

எதிர்க்கடை அண்ணாச்சிக்கு மதமதப்பு முழுவதும் போய்விடவில்லை. அவரே அதைச் சொல்வார். ஆனால் இரண்டு ஆண்டுகளாகப் புதிதாகப் புண் வரவில்லை, விழவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் கடை திறக்குமுன் ரத வீதியைச் சுற்றி வருகிறார். வந்ததும் கல்லாவில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்க்கிறார். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு 'சரி' என்று எழுதிய பிறகுதான் முதல் போணி.

சரக்கு இருப்பைத் தினமும் பார்க்கிறவர்கள் நாம். காலையும் பார்ப்போம்.